குற்ற வழக்கில் தடையுறுத்தும் நீதிப்பேராணை: எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக் கூடாது

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒருவர்மீது குற்ற வழக்கு வந்து, முதல் அழைப்பாணை வீட்டுக்கு வந்து சேர்ந்தவுடன், ‘ஹைகோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிடலாம்’ என்ற பேச்சு உறவினர்களிடையே எழுவது வழக்கம். அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. கீழ் நீதிமன்றம் ஒன்று தனக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுக்கும்போது, அதை அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது உறுப்பு உயர் நீதிமன்றத்துக்கு வழங்கியிருக்கிறது. தடையுறுத்தும் நீதிப்பேராணை என்று நாம் சொல்வது அதைத்தான். ஆனால் அந்த ஆணையின் எல்லை மிகவும் குறுகியது. அந்த எல்லையை அறியாமல், நகையை அடகு வைத்துச் சென்னைக்குப் போய், தவறான மனுவைப் போட்டு, மாதங்களை இழந்து திரும்பும் குடும்பங்களுக்கு நல்ல வாதங்கள் இல்லாமல் போவதில்லை; அந்த வாதங்களை எங்கே வைக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. இக்கட்டுரை அதை மட்டும் விளக்குகிறது.

முதலில், எந்த உயர் நீதிமன்றம் என்பதில் குழப்பம் வேண்டாம். கடலூர் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருகிறது. மதுரைக் கிளைக்கு இதில் வேலையில்லை. புதுச்சேரி ஒன்றியத்து ஆட்சிப்பகுதியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டதுதான். கேரளத்தின் நடுவிலுள்ள மாஹேயும் ஆந்திரத்தின் நடுவிலுள்ள ஏனாமும்கூட அப்படியே. எனவே எல்லையின் எந்தப் பக்கத்தில் வழக்கு நடந்தாலும் மனு போகும் இடம் ஒன்றே. புதுச்சேரி வழக்காக இருந்தால், அரசுத் தரப்புக்கான மனு நகலைப் புதுச்சேரிக்கான அரசு வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த நீதிப்பேராணையின் இயல்பை 1967ஆம் ஆண்டு கோவிந்த மேனன் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வரையறுத்தது. அதிகாரமே இல்லாமல் செயல்படும்போதும், இருக்கிற அதிகாரத்தின் வரம்பைத் தாண்டும்போதும், இயற்கை நீதியின் நெறிகளை மீறும்போதும் அது பிறக்கும். அதிகாரம் உள்ள நீதிமன்றம் நடைமுறையில் பிழை செய்தாலோ, வழக்கின் தகுதியைத் தவறாக எடைபோட்டாலோ பிறக்காது. 2003ஆம் ஆண்டு திருமலை திருப்பதி தேவஸ்தானம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசி, இந்த ஆணை அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்றும், ரிட் எனப்படும் நீதிப்பேராணை அதிகாரம் மேல்முறையீட்டு அதிகாரம் அன்று என்றும் சொன்னது. ஆகவே மனு எழுத உட்காருவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இந்த வழக்கு பொய்யா?’ என்பதன்று, ‘இந்த நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) இந்த வழக்கை எடுத்து விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறதா?’ என்பதுதான். முதல் கேள்விக்கு ‘ஆம், பொய்’ என்று நூறு சான்றுகள் இருந்தாலும், இரண்டாவது கேள்விக்கு ‘கொடுத்திருக்கிறது’ என்பது விடையானால், தடையுறுத்தும் நீதிப்பேராணை உங்களுக்கு உரியதன்று.

இரண்டாவதாக, யாருக்கு எதிராகக் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கும், நீதிமன்றத்தைப் போல இருதரப்பையும் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரிக்கும் எதிராகவே இந்த ஆணை பாயும். காவல் ஆய்வாளரின் புலன்விசாரணை நிர்வாகப் பணியாகும். அதை நிறுத்த இந்த ஆணையைக் கேட்பது வகையறியாத வேண்டுகோள். முதல் தகவல் அறிக்கையே சட்டப்படி நிற்காது என்பது உங்கள் நிலைப்பாடானால், அதை நீக்கக் கோரும் வழி வேறு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆவது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆவது பிரிவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் அது குற்றவியல் மூல மனுவாகப் பதிவாகும். எந்தெந்தச் சூழல்களில் அப்படி நீக்கலாம் என்பதை 1992ஆம் ஆண்டு பஜன்லால் வழக்கில் ஏழு வகைகளாக உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியிருக்கிறது. அந்த மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகவே ‘கடும் நடவடிக்கை எதுவும் கூடாது’ என்று பொத்தாம்பொதுவாக உத்தரவிடக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு நிகாரிகா வழக்கில் அதே நீதிமன்றம் எச்சரித்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இனி, அதிகாரமின்மை உண்மையாகவே எழும் இடங்களுக்கு வருவோம். நம் பகுதியில் அன்றாடம் காணக்கூடியவை சில உண்டு.

தென்பெண்ணையிலோ கெடிலத்திலோ மணல் அள்ளியதாகப் போடப்படும் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழான குற்றத்தை, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துமூலம் தரும் முறையீட்டின் பேரில்தான் நீதிமன்றம் கோப்புக்கு எடுக்க முடியும். காவல் துறையின் குற்றப்பத்திரிகையை மட்டும் வைத்து அச்சட்டக் குற்றத்தை நடுவர் எடுத்திருந்தால், அங்கே உண்மையான அதிகாரக் கேள்வி பிறக்கிறது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே செயலைத் திருட்டுக் குற்றமாகத் தனியே விசாரிக்க அந்தப் பிரிவு தடையில்லை என்று 2014ஆம் ஆண்டு சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே குற்றப்பத்திரிகையில் இரு சட்டங்களின் பிரிவுகளும் சேர்ந்திருந்தால், வழக்கு முழுவதையும் நிறுத்தக் கேட்காமல், எந்தப் பிரிவுக்கு அதிகாரம் இல்லையோ அதை மட்டும் சுட்டிக் கேட்பதே நேர்மையான, பயன்தரும் வேண்டுகோள்.

அரசு ஊழியரின் ஆணையை மீறியதாகப் போராட்டக்காரர்கள்மீது போடப்படும் வழக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பழைய தண்டனைச் சட்டத்தின் 188, இப்போதைய பி.என்.எஸ். எனப்படும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223 ஆகிய பிரிவுகளின் குற்றத்தை, சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ, அவருடைய மேலதிகாரியோ, அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட வேறோர் அரசு ஊழியரோ எழுத்துமூலம் முறையிட்டால் ஒழிய நீதிமன்றம் எடுக்கலாகாது என்று பி.என்.எஸ்.எஸ். 215 சொல்கிறது. 2018ஆம் ஆண்டு ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை இதை விரிவாக ஆராய்ந்து வழிகாட்டுதல்களை வகுத்தது. ஒரே குற்றத்துக்கு ஏற்கெனவே தண்டனையோ விடுதலையோ பெற்றவரை மீண்டும் விசாரிப்பதும், பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்பாமல் வழக்கமான நீதிமன்றத்திலேயே வைத்து விசாரிப்பதும் இத்தகையவையே. அரசு ஊழியரைக் குற்றம் சாட்டுவதற்கு முன்அனுமதி வேண்டும் என்ற வாதம் மட்டும் சற்றுச் சிக்கலானது: செய்த செயல் பணியின் பகுதியா, அன்றா என்பது பெரும்பாலும் சாட்சியத்தைக் கேட்டபின்தான் தெளியும்.

என் மதிப்பீட்டில், கடலூர் மாவட்டத்தில் இந்த நீதிப்பேராணைக்கு மிகப் பொருத்தமான களம் குற்றவியல் நீதிமன்றத்தைவிடக் கோட்டாட்சியர் அலுவலகமே. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய கோட்டங்களில் வருவாய்த் துறை அதிகாரிகள் நிர்வாக நடுவர்களாக அமர்ந்து, அமைதிக்குப் பங்கம் விளைவிப்பார் என்ற பேரில் ஒருவரிடம் பிணைப்பத்திரம் கேட்டு நடத்தும் நடவடிக்கை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவிலும் இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 126ஆவது பிரிவிலும் அடங்கும். அந்த விசாரணை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்றும், சிறப்புக் காரணங்களை எழுதி நீட்டித்தால் ஒழிய அது அத்துடன் முடிந்துவிட்டதாகும் என்றும் 135ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு கூறுகிறது. எட்டாவது மாதத்தில், நீட்டிப்பு உத்தரவு எதுவும் இல்லாமல், மீண்டும் வரும்படி அறிவிப்பு வந்தால், அந்த அதிகாரியிடம் இப்போது எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லை. இல்லாத நடவடிக்கையை நடத்தும் அதிகாரமும் இல்லை. பத்திரத்தை மீறியதாகச் சொல்லி, நிர்வாக நடுவரே ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முற்படும்போதும் இதே கேள்வி எழுகிறது. 107ஆவது பிரிவின் கீழ் எழுதிக் கொடுத்த பத்திரத்தை மீறியதற்காக நிர்வாக நடுவர் சிறையிட முடியாது, நீதித்துறை நடுவர் முன்புதான் அது விசாரிக்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2023ஆம் ஆண்டு சதீஷ் வழக்கில் தீர்ப்பளித்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் இந்த வாய்தாக்களுக்காக இழக்கும் நாட்கூலியை எண்ணிப் பார்த்தால், இந்த உரிமை ஊர்தோறும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறாக, நம் பகுதியில் அதிகம் எழுப்பப்பட்டு அதிகம் தோற்கும் வாதம் எல்லை வாதம். புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனையும் கடலூர் வட்டத்தையும் பிரிக்கும் கோடு வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வளைந்து போகிறது. ஒருவர் வீடு புதுச்சேரியிலும், கடை கடலூரிலும், வங்கிக் கணக்கு வேறோர் ஊரிலும் இருப்பது இங்கே இயல்பு. ‘சம்பவம் எங்கள் பக்கம் நடந்தது, அந்தப் பக்க நடுவருக்கு அதிகாரம் இல்லை’ என்ற வாதத்தை முழு அதிகாரமின்மை என்று கருதி ரிட் மனுவுக்கு ஓடுவது பெரும்பாலும் வீண். ஏனெனில், குற்றத்தின் வகையை விசாரிக்கும் தகுதியே இல்லாமை வேறு, ஊரின் எல்லை மாறிப் போதல் வேறு. தவறான இடத்தில் விசாரணை நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக, நீதி பிறழ்ந்தது என்று காட்டினால் ஒழிய, தீர்ப்பை நீக்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 508 சொல்கிறது. மேலும், சம்பவம் எங்கே நடந்தது என்பதே சாட்சியத்தால் நிறுவ வேண்டிய பொருள். 2020ஆம் ஆண்டு கௌசிக் சாட்டர்ஜி வழக்கில், இவ்வகை ஆட்சேபத்தை விசாரிக்கும் நீதிமன்றத்திடமே வைக்கும்படி உச்ச நீதிமன்றம் அனுப்பிவைத்தது.

காசோலை வழக்குகளில் இந்தத் தவறு இன்னும் கூடுதலாக நடக்கிறது. கடலூர் வணிகர் கடலூர் வங்கிக் காசோலையைப் புதுச்சேரி வணிகருக்குக் கொடுக்கிறார், அது திரும்புகிறது, புதுச்சேரியில் வழக்கு வருகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, காசோலையைப் பெற்றவர் தம் கணக்கின் மூலம் அதை வசூலுக்குப் போட்டிருந்தால், அவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எந்த எல்லைக்குள் இருக்கிறதோ, அந்த நீதிமன்றத்துக்கே அதிகாரம். எனவே புதுச்சேரி நடுவர் சரியான இடத்தில்தான் அமர்ந்திருக்கிறார். ‘நான் கடலூர்க்காரன்’ என்பது போக்குவரத்துச் சிரமமே தவிர, அதிகாரக் குறையன்று. அந்தச் சிரமத்துக்கு, நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் பி.என்.எஸ்.எஸ். 228ஆவது பிரிவு மனு இருக்கிறது.

காலவரம்பு வாதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்றாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு மூன்றாண்டு, ஓராண்டு வரையானவற்றுக்கு ஓராண்டு, அபராதம் மட்டுமே உள்ளவற்றுக்கு ஆறு மாதம் என்று பி.என்.எஸ்.எஸ். 514 வரம்பு விதிக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு முறையீடு தாக்கல் செய்த நாளை வைத்தே பார்க்கப்படும், நடுவர் கோப்புக்கு எடுத்த நாளை வைத்து அன்று என்று 2013ஆம் ஆண்டு சாரா மேத்யூ வழக்கில் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது; தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆகவே இதை முதலில் நடுவரிடமே வைக்க வேண்டும்.

வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அடுத்த வரம்பு. தடையுறுத்தும் ஆணை நடந்துகொண்டிருப்பதை நிறுத்துவதற்கானது. முடிந்துபோனதை அழிப்பதற்கு ஆவணக் கேட்பு நீதிப்பேராணை உள்ளது. 1954ஆம் ஆண்டு தீர்ப்பான ஹரி விஷ்ணு காமத் வழக்கு இந்த வேறுபாட்டை நிலைநாட்டியது. ஒரு பகுதி முடிந்து இன்னொரு பகுதி நிலுவையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம் என்றும் அது சொல்கிறது. நடுவர் ஏற்கெனவே தண்டித்துவிட்டார் என்றால், முப்பது நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதுதான் வழி. அந்த முப்பது நாட்களை ரிட் மனு யோசனையில் கழித்துவிடாதீர்கள்.

மாற்று வழிகள் இருக்கும்போது ரிட் வழங்க உயர் நீதிமன்றம் தயங்கும் என்பதால், அவற்றைத் தெரிந்துகொள்வது கட்டாயம். ஆதாரமே இல்லாத வழக்கு என்றால் விடுவிப்பு மனு: அமர்வு நீதிமன்ற வழக்கில் வழக்கை நடுவர் அங்கே ஒப்படைத்த நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள்ளும், காவல் துறையின் குற்றப்பத்திரிகையில் நடக்கும் பிடியாணை வகை வழக்கில் (இரண்டாண்டுக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்கள்) ஆவண நகல்கள் கிடைத்ததிலிருந்து அறுபது நாட்களுக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் கெடு வைத்திருக்கிறது. (2024 ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால், உங்கள் வழக்கு எந்தச் சட்டத்தில் நடக்கிறது என்பதை முதல் வேலையாகப் பாருங்கள்.) விடுவிப்பு மனு தள்ளுபடியானால் தொண்ணூறு நாட்களுக்குள் சீராய்வு மனு போடலாம், அது வெறும் இடைநிலை உத்தரவு என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது என்பதை 2021ஆம் ஆண்டு சஞ்சய் குமார் ராய் வழக்கு உறுதிப்படுத்தியது. நடுவர் ஒருதலைச் சார்பாக இருக்கிறார் என்ற அச்சத்துக்கு உரிய மருந்து வழக்கு மாற்று மனு. அதே அமர்வுக் கோட்டத்துக்குள் மாற்ற அமர்வு நீதிபதியே போதும், வெளியே மாற்றத்தான் உயர் நீதிமன்றம் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் அதிகாரக் கேள்வியே மிஞ்சுகிறது என்றால், முதல் படி விசாரிக்கும் நீதிமன்றத்திலேயே தொடங்குகிறது. ஆட்சேபத்தை வாய்மொழியாகச் சொல்லாமல், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு இந்த வழக்கை எடுப்பதைத் தடுக்கிறது என்பதை ஓரிரு பக்கத்தில் எழுதி மனுவாகக் கொடுத்து, அதன்மீது உத்தரவு கேளுங்கள். ஆவணத்தைப் பார்த்தவுடனே அதிகாரமின்மை வெளிப்படுகிறது என்ற நிலையில் இந்தப் படியைக் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் இந்தப் படியை ஏறி வந்தவரின் மனுவை உயர் நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்க்கும்.

அடுத்து, மனுவின் வடிவம். நீதிமன்றங்களின் நீதித்துறை உத்தரவுகள் 226ஆவது உறுப்பின் கீழ் வராது, 227ஆவது உறுப்பின் மேற்பார்வை அதிகாரத்தின் கீழேயே வரும் என்று 2015ஆம் ஆண்டு ராதேஷ்யாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் குடிமையியல் நீதிமன்றங்களைப் பற்றிச் சொன்னது. குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிராகவும் பி.என்.எஸ்.எஸ். 528ஆவது பிரிவையோ 227ஆவது உறுப்பையோ பிடித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. நிர்வாக நடுவருக்கு எதிராகத் தடையுறுத்தும் ஆணையை நேரடியாகக் கேட்கலாம். பெயர் தவறிவிட்டது என்பதற்காகவே மனு விழுந்துவிட வேண்டியதில்லை என்று 1998ஆம் ஆண்டு பெப்சி ஃபுட்ஸ் வழக்கு ஆறுதல் தந்தாலும், பதிவுத் துறை மனுவைத் திருப்பி அனுப்பினால் இழப்பது உங்கள் நாட்களைத்தான். வடிவத்தைத் தேர்வதில் இன்னொரு விளைவும் உண்டு: குற்றவியல் அதிகாரத்தில் தனி நீதிபதி பிறப்பிக்கும் உத்தரவுக்கு, அது 226ஆவது உறுப்பின் கீழே வந்திருந்தாலும், அதே உயர் நீதிமன்றத்தில் இருநபர் அமர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்று 2017ஆம் ஆண்டு ராம் கிஷன் ஃபௌஜி வழக்கு முடித்துவைத்தது. எனவே முதல் மனுவையே முழுக் கவனத்தோடு எழுத வேண்டும்.

எழுதும்போது, ‘மனுதாரர் நிரபராதி, முன்விரோதத்தால் பொய் வழக்கு, ஆகவே விசாரணையைத் தடை செய்ய வேண்டும்’ என்று தொடங்கினால் அந்த மனு முதல் வாசிப்பிலேயே சாயும். ‘126ஆவது பிரிவின் கீழான விசாரணை இன்ன தேதியில் தொடங்கியது, ஆறு மாதம் இன்ன தேதியில் முடிந்தது, நீட்டிப்பு உத்தரவு இல்லை என்பது இணைப்பிலுள்ள கோப்பு நகலால் தெரிகிறது, எனவே 135(6)ஆவது பிரிவுப்படி முடிவுற்ற நடவடிக்கையில் எதிர்மனுதாரர் மேற்கொண்டு செயல்படுவதைத் தடுக்க வேண்டும்’ என்று எழுதினால், நீதிபதி பார்க்க வேண்டியவை இரண்டு தேதிகளும் ஒரு பிரிவும் மட்டுமே. குற்றப்பத்திரிகை, அழைப்பாணை, வாய்தா விவரம், நீங்கள் கொடுத்த ஆட்சேப மனு, அதன்மீதான உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை இணையுங்கள். முன்பு ஏதேனும் மனு போட்டுத் தள்ளுபடியாகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தது வெளிப்பட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் மனு தள்ளுபடியாகும். நடுவரைப் பெயர் சொல்லி எதிர்த்தரப்பில் நிறுத்துவதும் தேவையற்றது. நீதிபதிகளைத் தேவையின்றித் தரப்பினராக்குவதை 1999ஆம் ஆண்டு சாவித்திரி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

செலவுக்கு அஞ்சுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் விண்ணப்பித்தால், உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவின் மூலம் சென்னையில் வழக்கறிஞர் கிடைக்க வழியுண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

மனு போட்ட பிறகு நடக்கும் ஒரு தவறுதான் மிகுந்த துன்பத்தைத் தருகிறது. உயர் நீதிமன்றத்தில் மனு எண்ணிடப்பட்டதாலேயே கீழ் நீதிமன்ற விசாரணை நின்றுவிடாது. இடைக்காலத் தடையைத் தனி மனுவாகக் கேட்டு, உத்தரவு பிறந்து, அதன் நகல் நடுவரிடம் சேர்ந்தால்தான் நிற்கும். அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும். முடியாத நாளில், முன்பு 317 என்று எல்லோரும் சொல்லிவந்த, இப்போது 355ஆவது பிரிவில் வரும் ஆஜர் விலக்கு மனுவைப் போட வேண்டும். ‘ஹைகோர்ட்டில் கேஸ் இருக்கிறது’ என்று நம்பி வீட்டில் இருந்தவர்மீது பிடிவாரண்ட் பிறக்கும். ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளில் தடை கிடைக்கும் வாய்ப்பே மிகக் குறைவு. அச்சட்டத்தின் 19ஆவது பிரிவு அதற்குக் கடுமையான தடை விதித்திருக்கிறது. தடை கிடைத்தவர்கள், ஆறு மாதத்தில் அது தானாகக் காலாவதியாகிவிடும் என்று 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொல்லி எவராவது அச்சுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அந்த விதியை நீக்கிவிட்டது.

மனு தள்ளுபடியானால், உத்தரவின் கடைசிப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ‘எல்லா வாதங்களையும் விசாரணை நீதிமன்றத்தில் எழுப்பிக்கொள்ளலாம்’ என்ற அனுமதி அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சான்றிட்ட நகல் பெற்று, அடுத்த வாய்தாவிலேயே அதைத் தாக்கல் செய்யுங்கள். வாதம் முடிவடையும் நேரத்தில் அந்த அனுமதி கிடைக்காது போலத் தெரிந்தால், உத்தரவு சொல்லப்படுவதற்கு முன்பே அதைக் கேட்டுப் பெறும்படி உங்கள் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.